கடைசி வீட்டுக் குழாய்

தையல்காரம்மா மேட்டுத் தெருவை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை, காலை பத்துக்குக் கொஞ்சம் முன்னால். பேராசிரியருக்கு நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், அன்று பத்தரைக்கு இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நீரியல் தேர்வு. வினாத்தாள் கட்டு அவருடைய கைப்பையில்தான் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படிகளின் அடியில், வேனுக்குப் பக்கத்தில், அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, திட்டு வாங்கக் காத்திருக்கும் பிள்ளையைப் போல நின்றிருந்தார்.

தையல் மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வேனில் கட்டியிருந்தார்கள். அதன் நான்கு இரும்புக் கால்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் கல்லூரி ஆய்வகத்தின் டெக்னீஷியன். மாணவர்கள் அவரைப் பைப்பு அண்ணன் என்பார்கள். படுக்கை, பெட்டி, துணி மூட்டை எல்லாம் ஏறிவிட்டன. தண்ணீர் சுமந்த இரண்டு பக்கெட்டுகளை மட்டும் தையல்காரம்மா எடுத்துக்கொள்ளவில்லை. அவை மேலே பூட்டிய கதவுக்கு வெளியே கவிழ்ந்து கிடந்தன.

"நீங்க ஏன் மேடம் வந்தீங்க? இன்னிக்குப் பரீட்சைன்னு பசங்க சொன்னாங்களே."

"அது நடக்கும். நீங்க இன்னும் ஒரு பத்து நாள் பொறுத்தீங்கன்னா..."

"பத்து நாளா?" தையல்காரம்மா வேனின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடது முட்டியை மெல்ல நீட்டினார். "தொட்டி கட்டும்போது ரெண்டு மாசம்னீங்க. குழாய் பதிச்சப்போ ஒரு வாரம்னீங்க. திறப்பு விழாவுக்கு முந்தின நாள், நாளைக்குன்னீங்க. நாளு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. இப்ப மறுபடியும் ஏறுது பாருங்க."

"உள்ள காத்து அடைச்சிருக்கும்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றார் பைப்பு அண்ணன், முடிச்சிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ரெண்டு வாரமாவா அடைக்கும்? குழாயைத் திறந்தா புஸ்ஸுங்குது. பாம்பு கூட இவ்வளவு நாள் சீறாது, சலிச்சுப் போய் வேற வேலை பாக்கும்."

வகுப்பறையில் மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிற பேராசிரியர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். அவர் படும் பாட்டைப் பார்த்துத் தையல்காரம்மாவே இரங்கி வந்தார்.

"உங்களைக் குத்தம் சொல்லல மேடம். நீங்க நல்லவங்கதான். என் முட்டிக்கு அது புரிய மாட்டேங்குது. மக வீட்டுல குழாய் சமையலறைக்குள்ளயே இருக்காம். போய்க் கொஞ்ச நாள் கிடக்கிறேன்."

பிறகு ஒரு காகிதப் பையை நீட்டினார். உள்ளே பேராசிரியரின் ஆய்வகக் கோட்டு இருந்தது. "ஒரு கை மாட்டியாச்சு. இன்னொரு கை வெட்டி மடிச்சு வச்சிருக்கேன். யாருகிட்டயாவது குடுத்து மாட்டிக்குங்க. அவசரத்துல முடியல."

வேன் கிளம்பி, இரண்டடி நகர்ந்து, நின்றது. தையல்காரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். தொட்டி உயரத்தையும் எங்க வீட்டு உயரத்தையும் ஒரே டேப்புலதானே அளந்தீங்க?"

"டேப்புல அளக்க மாட்டோம். அதுக்குன்னு ஒரு கருவி..."

"என்னமோ. நான் ஆளை ஒரு டேப்புலயும் துணியை இன்னொரு டேப்புலயும் அளக்கவே மாட்டேன். பழைய டேப்பு இழுபட்டு நீண்டிருக்கும். ரெண்டும் சரியாத்தான் காட்டும், ஆனா சட்டை தோள்ல நிக்காது. கேட்டேன், அவ்வளவுதான். போய்ப் பரீட்சை வைங்க."

வேன் வளைவில் திரும்பும்வரை அந்த நான்கு இரும்புக் கால்கள் தெரிந்துகொண்டிருந்தன.

பேராசிரியரைக் கல்லூரியில் பெயர் சொல்லிக் கேட்டால் வாயிற்காவலர் யோசிப்பார். 'சொட்டு மேடம்' என்று கேட்டால் அறை எண்ணையே சொல்லிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், விடுதி வாசலில் ஒரு குழாய் சொட்டுவதைப் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஓர் அளவுக் குவளையை எடுத்து அடியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றவர் அவர். அப்படியே அந்தக் குவளையோடு முதல்வர் அறைக்குப் போய், "சார், இந்த ஒரு குழாய் வருஷத்துக்கு எத்தனை பேர் குளிக்கிற தண்ணியைக் குடிக்குதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். முதல்வருக்குத் தெரியவில்லை. மாலைக்குள் பிளம்பர் வந்தார். அடுத்த நாள் காலைக்குள் பட்டப்பெயரும் வந்துவிட்டது.

அவருடைய ஆராய்ச்சியும் கசிவைப் பற்றியதுதான். மண்ணுக்கடியில் ஓடும் பழைய குழாய்களில் எங்கே ஓட்டை என்பதைத் தோண்டாமல், சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பார். தெரியாதவர்கள் ஒதுங்கிப் போவார்கள். தெரிந்தவர்கள், "என்ன மேடம், பூமி என்ன சொல்லுது?" என்பார்கள். அவர் நிமிராமல், "உங்களை நகரச் சொல்லுது, நிழல் மறைக்குது" என்பார்.

கணவர் பல் மருத்துவர். "ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். "நான் ஓட்டையை அடைச்சா ஜனங்க வாயைத் திறந்து கத்துறாங்க. இவ அடைச்சா நல்லதா ஒரு வார்த்தை சொல்லக்கூட யாரும் வாயைத் திறக்கிறதில்ல." பேராசிரியரின் முதல் கட்டுரை வெளியாகி ஒரு வருடத்தில் அதைப் பதினோரு முறை திறந்து படித்திருப்பதாகக் கணினி காட்டியது. "அதுல ஒன்பது தடவை நீதான்" என்றார் கணவர். "ஏழுங்க. ரெண்டு தடவை நீங்க, எழுத்துப்பிழை பாக்க" என்றார் மனைவி.

பாடம் நடத்துவதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. குழாயில் ஓடும் நீர் உயரத்துக்கும் உராய்வுக்கும் எவ்வளவு வலுவை இழக்கிறது என்ற கணக்கைத் தொடங்கும் நாளில் கரும்பலகைப் பக்கமே போக மாட்டார். வகுப்பு முழுவதையும் மேட்டுத் தெருவின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு பக்கெட் தண்ணீரைக் கொடுத்துப் படியேறச் சொல்வார். நெட்டையான பையன்கள்தான் முதலில் உட்காருவார்கள். "இழப்புன்னா என்னன்னு முதல்ல தோள்பட்டைக்குத் தெரியட்டும். மூளைக்கு நான் நாளைக்குச் சொல்லித் தர்றேன்" என்பார்.

அந்தத் தெருவை அவருக்குக் காட்டியது தையல்காரம்மாதான். துறை மாணவர்களுக்கு ஆய்வகக் கோட்டு தைத்துக் கொடுப்பவர். ஒரு வருடம் கோட்டுகள் வரத் தாமதமாகவே, பேராசிரியர் நேரில் கேட்கப் போனார். படிகளின் பாதியில் மூச்சு முட்டி நின்றபோது, இரண்டு கையிலும் பக்கெட்டோடு ஓர் அம்மாள் அவரைத் தாண்டி மேலே போனார். உச்சி வரிசையின் ஒன்பதாவது வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் அந்த அம்மாளே தையல்காரம்மா என்று தெரிந்தது.

"கோட்டு ரெடியாகல மேடம். நேத்து தண்ணி லாரி வந்த நாள். லாரி வந்தா ஊசி நிக்கும்."

வாரத்துக்கு இரண்டு நாள் லாரி. அறுபத்து நான்கு வீடு. எல்லோரும் அடிவாரத்தில் வரிசையில் நின்று, பிடித்து, சுமந்து ஏற வேண்டும். பேராசிரியர் அந்த வாசலில் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் அது எத்தனை படி ஏறி வந்த தண்ணீர் என்பது உறைத்தது. குவளையைக் கீழே வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பின் சனிக்கிழமைகள் எல்லாம் மேட்டுத் தெருவுக்குப் போயின. மலையின் மறுபக்கம் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. அங்கிருந்து குழாய் போட்டு, மலைத்தோளில் ஒரு தொட்டி கட்டி, மின்சாரமே இல்லாமல் தண்ணீரை அதன் போக்கில் எல்லா வீட்டுக்கும் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். மாணவர்கள் அளந்தார்கள், தெருக்காரர்கள் தோண்டினார்கள், நகராட்சி குழாய் கொடுத்தது. வீடு வீடாகப் போய் ஆள் திரட்டியது தையல்காரம்மா. வர மறுத்தவர்களிடம், "உங்க வீட்டுத் துணி என்கிட்டதான் இருக்கு, மறந்துடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார். மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள்.

திறப்பு விழா அன்று முதல் ஐம்பத்தைந்து வீடுகளுக்குத் தண்ணீர் வந்தது. உச்சி வரிசையின் ஒன்பது வீடுகளுக்குக் காற்று வந்தது. தையல்காரம்மா குழாயடியில் பக்கெட்டை வைத்துவிட்டு, துறைத் தலைவர் உரையாற்றி முடித்து, தெருவின் பேக்கரிக்காரர் பன் விநியோகித்து, கூட்டம் கலைந்து போகும்வரை அங்கேயே நின்றிருந்தார். அவர் நின்ற நிற்பைப் பேராசிரியரால் பிறகு எந்த நாளும் மறக்க முடியவில்லை.

வேன் போன புதன்கிழமை, தேர்வு தொடங்கி நாற்பது நிமிடம் இருக்கும். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

"மேடம், நாலாவது கேள்வியில 'எல்லா உயரங்களும் ஒரே மட்டத்திலிருந்து அளக்கப்பட்டவை'ன்னு போட்டிருக்கீங்க. அதை வச்சு ஏதாவது பண்ணணுமா?"

"இல்லம்மா. அது சும்மா ஒரு குறிப்பு."

"எப்பவும் அப்படித்தானே மேடம் இருக்கும்? எதுக்குத் தனியா போட்டிருக்கீங்க?"

பேராசிரியர் வினாத்தாளை எடுத்து அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். மீதி இரண்டு மணி நேரத்தில் யாராவது பார்த்து எழுதியிருந்தால் அது அவருக்குத் தெரிந்திருக்காது.

விடைத்தாள்களை ஒப்படைத்த கையோடு ஆய்வகத்துக்கு ஓடி அளவைக் குறிப்பேடுகள் இரண்டையும் எடுத்தார். எந்த உயரத்தை அளப்பதானாலும் உயரம் ஏற்கெனவே தெரிந்த ஒரு மட்டக்கல்லில் தொடங்க வேண்டும். வீடுகளை அளந்த குழு அடிவாரத்தில் உள்ள நகராட்சிக் கல்லில் தொடங்கியிருந்தது. தொட்டி இடத்தை அளந்த குழு மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய ரயில்வே கல்லில் தொடங்கியிருந்தது. இரண்டு குழுவும் அளந்ததில் மில்லிமீட்டர் பிசகில்லை. ஆனால் இரண்டு கற்களும் உயரத்தை ஒரே இடத்திலிருந்து எண்ணுகின்றனவா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் மலையைக் குறுக்காகத் தாண்டி இரண்டு நாள் அளக்க வேண்டும். அப்போது செமஸ்டர் முடியும் நேரம். இரண்டு குறிப்பேட்டின் அடியிலும் ஒரே நாளில், ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவர்.

வியாழனும் வெள்ளியும் அவரும் பைப்பு அண்ணனும் கருவியைத் தூக்கிக்கொண்டு மலையைத் தாண்டினார்கள். வித்தியாசம் மூன்று மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். பைப்பு அண்ணனின் தோளில் இன்னொரு பைப்பு அண்ணன் ஏறி நின்ற உயரம். உச்சி வரிசைக் குழாய்களுக்கு இரண்டு மீட்டர் மேலே இருப்பதாகக் காகிதத்தில் இருந்த தொட்டி, மலையில் அவற்றுக்கு ஒரு மீட்டர் கீழே உட்கார்ந்திருந்தது.

பைப்பு அண்ணன் பாறை மேல் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். "ரெண்டு வாரமா அந்தக் குழாயைத் தட்டுத் தட்டுன்னு தட்டினேனே மேடம். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"தட்டியிருக்க வேண்டியது என்னை."

"அதுக்கு எனக்குச் சம்பளம் பத்தாது" என்றார் அவர்.

துறைத் தலைவர் கெட்டவர் அல்ல. காரியத்தில் கெட்டிக்காரர், அவ்வளவுதான். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "பல்கலைக்கழக விருதுக்கு உங்க பேரைத்தான் அனுப்பியிருக்கேன். இந்தத் திட்டத்துக்காகத்தான். இப்ப போய் இதை எழுதணுமா? அறுபத்து நாலுல ஐம்பத்தஞ்சு. எண்பத்தாறு சதவீதம். பசங்க அந்த மார்க் வாங்கினா கைதட்டுவீங்க."

"மேல ஒன்பது வீட்டுக்கு அது சைபர் சார்."

"'தொழில்நுட்பக் காரணங்களால்'னு ஒரு வரி போதும்."

"காரணம் நான் சார். அப்படியே எழுதிடுறேன், ஒரு வரிதான் வரும்."

எழுதினார். விருது பிறகு வேறொருவருக்குப் போயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று கணவர் கிளினிக்கைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்து, எதுவும் கேட்காமல் தேநீர் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். பேராசிரியர் அதையும் எதுவும் சொல்லாமல் குடித்தார். அவர்கள் வீட்டில் பெரிய விஷயங்கள் அப்படித்தான் பேசி முடிக்கப்படும்.

அளந்து முடித்த மறுநாளே, சனிக்கிழமை, தொட்டிக்குப் பக்கத்தில் தெருக்காரர்களைக் கூட்டி நடந்ததைச் சொன்னார். உச்சி வரிசைத் தச்சர்தான் ஆரம்பித்தார்.

"அப்ப, தையக்காரம்மா கேட்டதை இத்தனை பேர் படிச்சவங்க ஒருத்தரும் கேக்கல?"

"கேக்கல."

"அவங்க போகுற வழியில கேட்டாங்க. இங்கயே உக்காந்திருந்தா இன்னும் என்னென்ன கேட்டிருப்பாங்களோ!"

சிரிப்பு எழுந்தது. "தப்பு பண்ணினதைக் கீழ நின்னே சொல்லியிருக்கலாமே மேடம், இவ்வளவு படி ஏறி மூச்சு வாங்கணுமா?" என்றாள் ஒருத்தி. பேக்கரிக்காரரின் மனைவி ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டாள். திட்டுவார்கள் என்று தயாராகப் போனவருக்கு அந்த ஸ்டூலில் உட்காருவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

அன்றே தையல்காரம்மாவின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: 'நீங்கள் கேட்டதுதான் சரி. இரண்டு டேப்பில் அளந்துவிட்டேன். சரிசெய்வேன்.' இரண்டு டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

சரிசெய்ய நான்கு வருடம் பிடித்தது. தொட்டியை உயர்த்த முடியாது. மேலே செங்குத்துப் பாறை. மோட்டார் வைக்கலாம் என்றால், அந்த மேட்டுக்கு மின்சாரம் விருந்தாளியைப் போல எப்போதாவதுதான் வந்து போகும். கடைசியில் பேராசிரியர் பழைய புத்தகங்களில் இருந்த ஓர் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டார். தொட்டியிலிருந்து வேகமாக இறங்கும் தண்ணீரை ஒரு வால்வு சட்டென்று மறிக்கும். முட்டிய வேகத்தில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் மேல்நோக்கித் தெறித்து ஏறும். மீதி கீழ்வரிசைகளுக்கு வழக்கம்போலப் போகும். மின்சாரமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். முட்டி முட்டித் தள்ளுவதால் மாணவர்கள் அதற்கு 'கடா' என்று பெயர் வைத்தார்கள்.

கடா முதல் வருடம் தண்ணீரை ஏற்றவே இல்லை. இரண்டாம் வருடம், வீடுகளுக்கு இணைக்காத சோதனைக் குழாயில் ஏற்றியது. ஆனால் பேக்கரிக்குப் பின்னால் பகலெல்லாம் 'டொக், டொக்' என்று இடித்தது. "மேடம், என் மாவு பிசையுற கை அந்தத் தாளத்துக்கே போகுது. நான் நிறுத்தினாலும் அது நிறுத்தல" என்று பேக்கரிக்காரர் கல்லூரிக்கே வந்துவிட்டார். காற்றறை ஒன்றைப் பொருத்திச் சத்தத்தை அடக்கினார்கள். மூன்றாம் வருடம் வால்வு மாதத்துக்கு ஒருமுறை தேய்ந்து கசிந்தது. எங்கே, எப்படித் தேய்கிறது என்று பிடிபடவில்லை. தேய்கிற குழிவு வால்வின் உள்ளே ஆழத்தில் இருந்தது. கருவி எதுவும் நுழையவில்லை.

பேராசிரியர் அந்த வால்வைச் சாப்பாட்டு மேசையில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தார். கணவர் அதைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோயாளியின் வாயைப் பார்க்கும் அதே முகம்.

"பின்கடவாய்ப் பல்லு மாதிரி இருக்கு. அச்சு எடுத்துடலாமே."

"என்னது?"

"பல்லுக்கு அச்சு எடுக்கிற பசை. உள்ள அமுக்கினா மூணு நிமிஷத்துல இறுகிடும். வெளிய எடுத்தா எங்கெங்க தேஞ்சிருக்குன்னு அப்படியே தெரியும். மாசாமாசம் எடுத்து வரிசையா வச்சுப் பாரு."

"இதை மூணு வருஷமா ஏங்க சொல்லல?"

"நீ வால்வைக் காட்டவே இல்லையே. கணக்கைத்தான காட்டினே."

ஆய்வக அலமாரியில் இளஞ்சிவப்பு நிறத்தில் பன்னிரண்டு வால்வு அச்சுகள் வரிசையாக நின்றன. தேய்மானம் எந்தப் பக்கம் என்று ஒரு குழந்தைக்கும் தெரிந்தது. வால்வின் வடிவத்தை மாற்றினார்கள். நான்காம் வருடம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், உச்சி வரிசையில் முதலில் தச்சர் வீட்டுக் குழாய் இருமியது. பிறகு துப்பியது. பிறகு ஓடியது. ஒன்பதாவது வீட்டு வாசல் குழாயைப் பேராசிரியரே திறந்தார். பூட்டிய கதவுக்கு முன்னால், நான்கு வருடமாகக் கவிழ்ந்து கிடந்த பக்கெட்டில் ஒன்றை நிமிர்த்தி வைத்தார். நிறைந்து வழிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வழிந்தோடுவதைக் கண்ணால் பார்க்கப் பொறுக்காதவர் என்று பெயரெடுத்த சொட்டு மேடம் அன்று ஒரு நிமிடம் குழாயை மூடவில்லை. பைப்பு அண்ணன் இதைப் பல வருடம் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்.

படம் எடுத்துத் தையல்காரம்மாவுக்கு அனுப்பினார்: 'தண்ணீர் வந்துவிட்டது.' இரண்டு டிக். பதில் இல்லை. ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று போனைப் பார்த்தார். கோபமாக இருப்பாரோ, நம்பர் மாறியிருக்குமோ, ஒருவேளை படிக்க முடியாமல் கண் மங்கியிருக்குமோ என்று ஒவ்வொன்றாக நினைத்தார். கடைசியாக வரும் நினைப்பை மட்டும் நினைக்காமல் தள்ளிவைத்தார்.

தன் தவறைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு இதழ்கள் 'புதிதாக எதுவும் இல்லை' என்று திருப்பி அனுப்பின. மூன்றாவது இதழ் வெளியிட்டது. அவர் வாழ்நாளில் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது அதைத்தான். எங்கெங்கோ இருக்கும் பொறியாளர்கள், "எங்களுக்கும் இதே கதைதான், வெளியே சொன்னதில்லை" என்று எழுதினார்கள். கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், ஒரே வரி இருந்தது: 'சரியான கேள்வியைக் கேட்ட தையற்காரருக்கு.'

அதன்பின் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பை இரண்டு தையல் டேப்புகளோடு தொடங்கினார். ஒன்று புதிது, ஒன்று பழையது. ஒரு மாணவனை எழுப்பி நிறுத்தி, தோளை ஒன்றாலும் கையை ஒன்றாலும் அளந்து எழுதச் சொல்வார். பிறகு கதையைச் சொல்வார். ஒரு கை மாட்டாத கோட்டு ஆய்வகச் சுவரில் ஆணியில் தொங்கியது. வேறு தையல்காரரிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. புதிதாகச் சேரும் மாணவர்கள் ஏதோ விபத்து என்று நினைத்துக்கொண்டு இயந்திரங்களிடம் கவனமாக இருந்தார்கள். அதனால் பைப்பு அண்ணன் அவர்களைத் திருத்தவில்லை.

சனிக்கிழமைகளில் மேலே போகும்போதெல்லாம் ஒன்பதாவது வீட்டுக் குழாயை ஒரு நிமிடம் திறந்து மூடுவார். திறக்காமல் விட்டால் உள்ளே வாஷர் காய்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு செய்தியும் அனுப்புவார். 'கடா நன்றாக இருக்கிறது.' 'பேக்கரிக்காரர் மகளுக்குக் கல்யாணம்.' 'உங்கள் கதவுக்கு வண்ணம் அடித்தோம், தச்சர் பச்சைதான் வேண்டும் என்றார், மன்னிக்கவும்.' ஒவ்வொன்றுக்கும் இரண்டு டிக்.

ஓய்வு பெற்ற நாளில் மாலையும் சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு, ஆணியிலிருந்து கோட்டையும் எடுத்துக்கொண்டு வீடு வந்தார். "ரெண்டு கை இருக்கிற மனுஷிக்கு ஒத்தைக் கைக் கோட்டு எதுக்கு?" என்றார் கணவர். "இருக்கட்டும். உங்களுக்கென்ன இடமா அடைக்குது?" என்று அலமாரியில் மடித்து வைத்தார். சனிக்கிழமை வேலையை இளைய பேராசிரியர் ஒருவர் எடுத்துக்கொண்டார். பொறுப்பானவர்தான். பூட்டிய வீட்டுக் குழாயைத் திறந்து மூட வேண்டும் என்றபோது மட்டும் தலையாட்டிவிட்டுப் பிறகு மறந்துவிட்டார். நினைவூட்டலாம் என்றால், பேராசிரியருக்கே இப்போது முட்டி வலி. நூறாவது படிக்கு மேல் ஏற முடியவில்லை. 'என் முட்டிக்கு அது புரிய மாட்டேங்குது' என்று தையல்காரம்மா சொன்னது பதினொரு வருடம் கழித்து அவருக்கும் புரிந்தது.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கணவர் சாப்பிட வந்திருந்தார். மேசையில் இருந்த போன் ஒரு தடவை அதிர்ந்து நின்றது. எழுத்துச் செய்தி அல்ல, குரல்பதிவு. அனுப்பியவரின் பெயரைப் பார்த்த பேராசிரியர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னம்மா, யாரு?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பொத்தானை அழுத்திவிட்டுப் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டார், இரும்புக் கம்பியை வைத்துக்கொள்வது போல.

"மேடம், தையக்காரி பேசுறேன். ஞாபகம் இருக்கா? கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சு, இப்ப ஊசியில நூல் நானே கோக்கிறேன். மக வீடு நல்ல வீடுதான். மூணாவது மாடி, லிஃப்ட்டு ஓடுற நாளை விட நிக்குற நாள் அதிகம். இருக்கிற முட்டிக்கு என் வீடே தேவலைன்னு வந்துட்டேன். பேக்கரிக்காரர் பசங்க நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க, ராணி மாதிரி. வந்து மூணு நாளாச்சு. நீங்க அனுப்பினதெல்லாம் பாத்தேன் மேடம், ஒண்ணு விடாம. பதில் போடல. தண்ணி வந்துச்சுன்னு நீங்க சொன்னா நான் நம்பணும். ஒரு தடவை நம்பித்தான் பக்கெட்டோட நின்னேன். அதான், என் கண்ணால பாத்துட்டுப் பேசலாம்னு இருந்தேன். பாத்துட்டேன். கதவுக்குப் பச்சை நல்லாவே இல்ல, தச்சர்கிட்ட சொல்லிட்டேன். அந்தக் கோட்டை வச்சிருக்கீங்கள்ல? கொண்டு வாங்க, கை மாட்டித் தர்றேன். மெதுவா ஏறி வாங்க, அவசரமில்ல." இந்த இடத்தில் கொஞ்சம் இடைவெளி. பின்னணியில் ஏதோ ஒன்று, மிகச் சின்னதாக, விட்டு விட்டுக் கேட்டது. "அவசரமில்லன்னு சொல்ல முடியாது. என் குழாய் சொட்டுது மேடம். மூடினாலும் நிக்க மாட்டேங்குது. நிமிஷத்துக்கு நாப்பத்தி ரெண்டு சொட்டு. ரெண்டு தடவை எண்ணிட்டேன், ஒரே கடிகாரத்துலதான்."